முடி கொட்டுகிறது: எண்ணெய்க்குச் செலவழிப்பதா, மாத்திரைக்கா, கீரைக்கா?

தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்திருந்த மகளுக்கு விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைத்தேன். கையை எடுத்தால் விரல் இடுக்கில் கொத்தாக முடி. பயந்துபோய் இன்னொரு முறை கோதினேன், இன்னொரு கொத்து வந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "ஒரு மாசமா இப்படித்தாம்மா."

அடுத்த பத்து நாளில் கண்டதையெல்லாம் வாங்கினேன். 600 ரூபாய்க்கு ஒரு மூலிகை எண்ணெய். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மாதம் 900 ரூபாய் பிடிக்கும் பயோட்டின் மிட்டாய். காலையில் கறிவேப்பிலைச் சாறு, ஞாயிற்றுக்கிழமை வெங்காயச் சாறு. எல்லாம் ஒரே சமயத்தில். அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். மாதம் ஆயிரம் ரூபாயும் காலையில் அரை மணி நேரமும்தான் இருக்கிறது என்றால், அதை எதற்குக் கொடுப்பது? நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குப் பயன்படலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருந்து இரண்டு மூன்று மாதத்தில் உதிரும். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது போன்ற அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். கொட்டுவது அப்போது தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும்.

என் மகளுக்கு ஆடிக் கடைசியில் டெங்கு வந்தது. ஐப்பசியில் முடி கொட்டியது. நாளை எண்ணிப் பார்த்தபோது பாதிப் பயம் போய்விட்டது. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும். ஆனால் புதிதாக முளைக்கும் முடிக்கு உடம்பில் சரக்கு இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன் வகிடு அகலமாகிக்கொண்டே போவது, அப்பா தாத்தா வழியில் வரும் வழுக்கை, காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டும் புழுவெட்டு, தைராய்டு, மாதவிடாய் தவறுவதோடு சேர்ந்து வரும் முடி உதிர்வு, இவற்றுக்கு எந்தக் கீரையும் எந்த எண்ணெயும் பதில் இல்லை. தோல் மருத்துவரிடம் போக வேண்டும், சீக்கிரமாகப் போக வேண்டும். கீழே எழுதியிருப்பது அசதியாலும் காய்ச்சலாலும் சத்துக் குறைவாலும் கொட்டும் முடியைப் பற்றி மட்டும்.

பந்தியில் கடைசி இலை

ஆயுர்வேதம் இந்த விஷயத்தைப் பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாப்பிட்ட உணவு முதலில் ரசமாகி, பிறகு ரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்று ஏழு தாதுக்களாக வரிசையாக மாறுகிறது என்பது அதன் கணக்கு. இதில் முடி ஐந்தாவதான எலும்புத் தாது உருவாகும்போது பிரியும் கழிவு என்று ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை சொல்கிறது. அதாவது நான்கு பந்தி முடிந்த பிறகுதான் முடிக்கு இலை போடுகிறார்கள். முன்னால் இருப்பவர்களுக்கே சோறு பற்றாவிட்டால் கடைசி இலைக்கு என்ன வரும்?

இன்றைய மருத்துவத்தின் மொழி வேறு, ஆனால் வந்து சேரும் இடம் ஒன்றுதான். இரும்பும் புரதமும் குறைந்தால் உடம்பு முதலில் ரத்தத்தையும் இதயத்தையும் கவனிக்கும். முடி இல்லாமல் உயிர் வாழலாம் என்பதால் முடிக்குப் போவதை முதலில் வெட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியா முழுக்க 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தமே போதவில்லை, நாம் எண்ணெய்ப் புட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண்ணெய்

எண்ணெயை நான் குறைத்துச் சொல்லவில்லை. தினமும் தலையில் எண்ணெய்ப் பசை உள்ளவனுக்குத் தலைவலி வராது, வழுக்கையும் நரையும் வராது, முடி உதிராது என்று அதே சரக சம்ஹிதைதான் சொல்கிறது. கரிசாலை, அவுரி, நெல்லிக்காய்ச் சாறு, பால் எல்லாம் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சும் நீலிபிருங்காதி கேரள வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. நம் வீடுகளிலும் சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நல்லெண்ணெய்க் குளியல் இருந்தது.

ஆனால் எண்ணெய் எதைச் செய்யும் என்பதில் தெளிவு வேண்டும். வெளியே தெரியும் முடி உயிரற்ற நார். அந்த நாரை உடையாமல் காப்பதில் தேங்காய் எண்ணெய் கெட்டி. குளிப்பதற்கு முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கழுவிக்கொண்டு போவது குறைகிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிக் காப்பதில்லை என்று 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுவதுதான் காரணம். ஆகவே பாதியில் உடைகிற முடிக்கு எண்ணெய் உதவும். வேரோடு வருகிற முடிக்கு, அதுவும் ரத்தக்குறைவால் வருகிற முடிக்கு, எண்ணெய் மட்டும் உதவாது. விழுந்த முடியின் நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன மணி போல இருந்தால் அது வேரிலிருந்து வந்தது.

600 ரூபாய் எண்ணெயையும் செக்கில் ஆட்டிய சாதாரணத் தேங்காய் எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது வாசனையில்தான். செக்கு எண்ணெயில் ஒரு கைப்பிடி கரிசாலைச் சாறு விட்டு, சலசலப்பு அடங்கும் வரை காய்ச்சி வைத்துக்கொண்டேன். வாரம் இரண்டு நாள் தலைக்கு வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் குளித்தால் போதும். காய்ச்சல், சளி, வயிற்று மந்தம் உள்ள நாளில் வேண்டாம்.

அலச சீயக்காயா, அரப்பா, ஷாம்பூவா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. எண்ணெய் வைத்த நாளில் சீயக்காய், வறண்ட முடிக்கு உசிலை இலை அரைத்த அரப்பு, அவசரத்துக்கு மென்மையான ஷாம்பூ. இவற்றில் எதுவும் முடியை வளர்க்காது, அழுக்கைத்தான் எடுக்கும்.

மாத்திரையும் மிட்டாயும்

மாதம் 900 ரூபாய் கொடுத்தேனே, அந்தப் பயோட்டின் மிட்டாய்தான் இந்த வரிசையில் கடைசி. பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மிக அரிது. முட்டை, வேர்க்கடலை, பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அதிகமாகக் கொடுத்தால் முடி கூடுதலாக வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் தைராய்டு சோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் தவறான எண் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது இதை வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரை வேறு கதை. இயற்கை உணவில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் இதில் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆணுக்கு 19 போதும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் 4 முதல் 5 மில்லிகிராம், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்கிய பிறகு கீரையால் மட்டும் அந்தக் குழியை நிரப்ப மாதக்கணக்காகும். மருத்துவர் மூன்று மாதம் இரும்பு மாத்திரை எழுதினார், கொடுத்தேன். செலவும் மிகக் குறைவு. பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற மாத்திரையும் இதே இரும்புதான், ஃபோலிக் அமிலத்தோடு. அப்போது அவள் அதைப் பென்சில் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிடுவாள், நானும் கண்டுகொள்ளவில்லை. இப்போது நினைத்தால் மனது கேட்கவில்லை.

தட்டு

மாத்திரை குழியை நிரப்பும். மறுபடி குழி விழாமல் பார்ப்பது தட்டில் இருக்கிறது. அதனால் என் பணத்தில் பெரும் பங்கு இங்கேதான் போகிறது.

விடுதியில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு எழுதினேன். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் ஒரு பஃப்ஸ், இரவு இரண்டு சப்பாத்தி. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று கணக்கிட்டால் 50 கிலோ பெண்ணுக்கு 41, 42 கிராம் வேண்டும். அவள் தட்டில் அதில் பாதி தேறினாலே அதிகம். முடிக்கு உணவு என்றால் நாம் உடனே கீரையையும் நெல்லிக்காயையும் சொல்கிறோம். நான் முதல் இடம் கொடுப்பது முட்டைக்கும் பருப்புக்கும் சுண்டலுக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் சுமார் 10 கிராம். இதற்கு மூலிகைப் பெயர் இல்லை என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அடுத்தது கீரை. முருங்கை, கரிசாலை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முருங்கைக்கீரை என் முதல் தேர்வு. 100 கிராமில் 6 கிராம் அளவுக்குப் புரதம், நிறைய சுண்ணாம்புச்சத்து, இரும்பு. கொல்லையில் மரம் இருந்தால் செலவே இல்லை. ஆய்ந்தெடுக்க நேரமாகும், அது உண்மை. பறித்த கொத்தை இரவு ஒரு துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறும்போதே இலை கொட்டிவிடும். பாசிப்பருப்பு சேர்த்து வதக்கினால் இரண்டு வேலை ஒன்றில் முடியும். கடையில் புட்டியில் விற்கும் முருங்கைப் பொடி கீரை கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சரி. இங்கே இருந்துகொண்டு அதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கரிசாலைக்குத் தனி மரியாதை உண்டு. வள்ளலார் அன்றாடம் உண்ணச் சொன்ன மூலிகைகளில் முதன்மையானது அது. மஞ்சள் பூ உள்ளது கறிக்கும், வெள்ளைப் பூ உள்ளது பெரும்பாலும் எண்ணெய்க்கும் என்று எங்கள் பக்கம் பிரித்துக்கொள்வார்கள். முடிக்கு அதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் எலிகளின் தோலில் தடவியபோது முடி வேகமாக வளர்ந்திருக்கிறது. சாப்பிட்டால் மனிதருக்கு வளரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வாரம் ஒரு நாள் பருப்போடு கடைந்து சாப்பிட நல்ல கீரை, அவ்வளவுக்கு நான் சொல்வேன். பொன்னாங்கண்ணியும் அப்படியே.

கறிவேப்பிலையில் சத்து நிறைய. ஆனால் அளவைப் பாருங்கள். தாளிப்பில் போடும் பத்து இலை இரண்டு கிராம்கூட வராது, அதையும் ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறோம். வெறும் வயிற்றில் சாறு குடிக்கச் சொல்லி மகளை நான் படுத்தியதை நிறுத்திவிட்டேன், அவளுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். பொடிதான் சரியான வழி. நிழலில் உலர்த்திய இலை இரண்டு பங்கு, உளுந்தும் கடலைப்பருப்பும் ஒரு பங்கு, கறுப்பு எள் அரைப் பங்கு, மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு. இலை, பருப்பு, எள் மூன்றும் ஒரே கரண்டியில் சேர்கின்றன. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் விடுதிச் சாப்பாடுகூட இறங்கும்.

நெல்லிக்காய்க்கு வருகிறேன். முடிக்கு நெல்லி என்று சொல்லாத ஆளே இல்லை. நெல்லியில் இரும்போ புரதமோ பெரிதாக இல்லை. அதில் இருப்பது வைட்டமின் சி, ஆரஞ்சைவிடப் பல மடங்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின்தான் துணை. ஆகவே நெல்லியைத் தனியாகக் காலையில் குடிப்பதைவிட, கீரை சாப்பிடும் வேளையில் கூடச் சாப்பிடுவதுதான் லாபம். மதியச் சாப்பாட்டில் முருங்கைக்கீரை இருந்தால் பக்கத்தில் நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி வேண்டாம். தயிரின் சுண்ணாம்புச்சத்து இரும்பைக் கொஞ்சம் தடுக்கும். நெல்லித் துவையல் செய்யுங்கள். அரைநெல்லி வேறு இனம், புளிப்பு ஒன்றாக இருந்தாலும் இந்தச் சத்து அதில் குறைவு. தேன்நெல்லி பண்டம், மருந்து இல்லை, பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறியது. நெல்லிக்காய் வராத மாதங்களில் கொய்யா வாங்குங்கள், அது மலிவாகவும் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் கீரையில் எலுமிச்சை பிழியலாம்.

கேழ்வரகைப் பற்றிக் கேட்பார்கள். சுண்ணாம்புச்சத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். எலும்புக்குக் குடியுங்கள். ரத்தத்தைத் தூக்க அதை நம்ப வேண்டாம்.

அசைவம் சாப்பிடும் வீட்டுக்கு வேலை சுலபம். ரத்தசோகை என்றால் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அது மூடநம்பிக்கை இல்லை. ஆட்டின் மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள இரும்பை உடம்பு கீரையின் இரும்பைவிட எளிதாக எடுத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

எப்படிச் சாப்பிடுவது

ஆயுர்வேதம் சொல்லும் சாப்பாட்டு முறைகளில் எதைக் கடைப்பிடிப்பது, எதை விடுவது? பசித்த பின் சாப்பிடுவது, முன் சாப்பிட்டது செரித்த பின் அடுத்தது, மதியம் நல்ல சாப்பாடு, இரவு இலகுவாக. இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரவில் கீரை, தயிர், நெல்லி வேண்டாம் என்பதையும் வைத்துக்கொண்டேன். அறிவியல் எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்பது தனி, எங்கள் வீட்டில் இரவு வயிறு இலகுவாக இருக்கிறது.

உப்பைப் பற்றிய ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. உப்பையும் காரத்தன்மையுள்ள உப்புகளையும் மிகுதியாகச் சாப்பிடுவோருக்கு வழுக்கையும் நரையும் வரும் என்று சரக சம்ஹிதை எச்சரிக்கிறது. முடிக்கும் உப்புக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. ஆனாலும் ஊறுகாய், அப்பளம், நொறுக்குத்தீனி மூன்றும் குறைந்தபோது தட்டில் சுண்டலுக்கு இடம் கிடைத்தது.

டீயில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ, காபி, இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைப் பாலோடும் டீயோடும் விழுங்கவே கூடாது. செலவில்லாமல் கிடைக்கும் பலன் இதுதான், கடைப்பிடிக்கக் கஷ்டமானதும் இதுதான்.

யாருக்கு எது

காய்ச்சலுக்குப் பின் அல்லது பிரசவத்துக்குப் பின் கொட்டினால்: முதலில் ரத்தச் சோதனை, தட்டில் புரதம், ஆறு மாதப் பொறுமை. எண்ணெய் பழக்கத்துக்காக மட்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மூலிகைச் சாறு எதையும் வைத்தியரைக் கேட்காமல் உள்ளே எடுக்க வேண்டாம், குறிப்பாக அவுரி.

விடுதியில் இருந்தால்: அவித்த முட்டை, வேர்க்கடலை, கறிவேப்பிலைப் பொடி, கொய்யா. சமைக்கத் தேவையில்லாத நான்கு.

முடி வேரிலிருந்து வராமல் பாதியில் உடைந்தால்: எண்ணெய்க்குச் செலவழியுங்கள், சூடான நீரையும் இறுக்கமான பின்னலையும் விடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்ட வேண்டாம். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும்.

இப்போது சித்திரை. மகளின் நெற்றி ஓரத்தில் புது முடி இரண்டு அங்குலம் நிற்கிறது, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்குக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. டெங்குவுக்குப் பின் கொட்டிய முடி எப்படியும் முளைத்திருக்கும். அதனால் இதைக் கீரையின் கணக்கில் எழுத மாட்டேன். ஹீமோகுளோபின் 12.1 ஆனது மாத்திரையாலும் தட்டாலும். மாத்திரை முடிந்துவிட்டது. நேற்று போனில் பேசும்போது, அடுத்த முறை பொடி இரண்டு டப்பாவாக வேண்டும் என்றாள். அறையில் கூட இருக்கும் பெண்ணுக்கும் முடி கொட்டுகிறதாம். முதலில் ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொல் என்றேன், பொடியை அரைத்துவிட்டேன்.